கடைக்காரர் தேர்ந்தெடுத்த சக்கரம் காரில் உரசுகிறதா?

கேள்வி: கோட்டையூரில் இருந்து எழுதுகிறேன். என் ஹேட்ச்பேக் காருக்கு கம்பெனி டயர் 185/65 ஆர்15. மூன்று வாரத்துக்கு முன் காரைக்குடியில் ஒரு கடையில் காரைக் காட்டி, "இதற்குப் பொருந்துகிற மாதிரி 16 இஞ்ச் அலாய் போட்டுத் தாருங்கள்" என்றேன். 205/60 ஆர்16 டயரோடு நான்கு அலாய் போட்டு, பழைய சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு 62,000 ரூபாய் வாங்கினார்கள். அப்பத்தா, ஆத்தா, தங்கச்சியோடு பிள்ளையார்பட்டி போனபோது ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்டயர் உரசியது. கடையில் கேட்டால் "போகப் போக செட் ஆகிவிடும்" என்றார்கள். மறுமுறை போனதும், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? போலீஸ் அபராதம் போடுமா? இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. இந்த டயரோடு வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு இனி எங்கும் போகாதீர்கள். ஒவ்வொரு உரசலிலும் டயரின் பக்கச்சுவர் தேய்கிறது. அது வெடித்தால் வழக்கு போட்டு மீட்கக்கூடிய நஷ்டமாக இருக்காது.

இனி சட்டம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது "இதற்குப் பொருந்துகிற மாதிரி" என்று நீங்கள் சொன்ன அந்த வார்த்தைதான். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. என்ன தேவைக்குப் பொருள் வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனையாகிவிடும். அளவை நீங்களே எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தால் இந்த வாதம் பலவீனமாகியிருக்கும். நீங்கள் காரையே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடலாம்: "அலாய் நல்ல அலாய், டயர் புது டயர், நட்டு சரியாக ஏறியது." நட்டு ஏறியது என்றால் போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, அதாவது பி.சி.டி., ஒத்துப்போகிறது. அவ்வளவுதான். பொருத்தம் என்பது அதோடு முடிவதில்லை. கணக்கைப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் 15 இஞ்ச் ரிம். மொத்த உயரம் ஏறத்தாழ 622 மி.மீ. இதே கணக்கில் 205/60 ஆர்16-க்கு 652 மி.மீ. வருகிறது. 30 மி.மீ. கூடுதல். ஏறத்தாழ 5 சதவீதம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் உண்மையில் 84-இல் போகும். இதே 16 இஞ்சில் 195/55 போட்டிருந்தால் உயரம் 621 மி.மீ.தான் வந்திருக்கும். சரியான அளவு ஒன்று இருக்க, கடைக்காரர் வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கடைக்கு அனுப்பப்போகும் நோட்டீஸில் இதை எண்களோடு எழுத வேண்டும்.

உயரம் மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அலாயின் பின்பக்கம் 7 ஜே, இ.டி. 35 என்று தெரிகிறது. முதலாவது இஞ்சில் ரிம் அகலம், இரண்டாவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து போல்ட் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். உங்கள் பழைய சக்கரம் 5.5 ஜே, இ.டி. 45 என்று வைத்துக்கொண்டால், அகலம் கூடியதில் பாதியான 19 மி.மீ.யும் ஆஃப்செட் குறைந்ததில் 10 மி.மீ.யும் சேர்ந்து, ரிம்மின் வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் கார் அமுங்குகிறது, மட்கார்டு விளிம்பு டயரில் இறங்குகிறது. தனியாக ஓட்டிப் பார்த்தால் உரசல் தெரியாமலே போயிருக்கும். "ஸ்பேசர் வைத்துத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அது பொருந்தும் இடத்துக்கும் நடுவே வைக்கும் தகடு; அது சக்கரத்தை இன்னும் வெளியேதான் தள்ளும்.

பில்லில் அச்சிட்ட அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாள் என்று அதே பிரிவு வைத்திருக்கிறது. உங்களுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. அதனால் நாளைக்கே, வக்கீல் மூலமோ நீங்களாகவோ, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். "இந்தச் சக்கரங்களை நான் ஏற்கவில்லை, எடுத்துக்கொண்டு பணத்தையும் பழைய சக்கரங்களையும் கொடுங்கள், பழையதை வேறு யாருக்கும் விற்காதீர்கள்" என்று தெளிவாக இருக்கட்டும். மறுப்பை எழுத்தில் தராமல் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அளவைத் தேர்ந்தெடுத்து மாட்டிக் கொடுத்தது ஒரு சேவை. ஆகவே பொருளில் குறை, சேவையில் குறை என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்களே நின்று வாதாடலாம். டயரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அதற்கும் மனதளவில் தயாராக இருங்கள்.

போலீஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. மீறினால் பிரிவு 182ஏ(4)-இன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம்தான் "மாற்றம்" என்று 52-ஆவது பிரிவின் விளக்கம் சொல்வதால், சக்கரத்துக்கு இது பொருந்தாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ உங்கள் மாடலுக்குக் கம்பெனி குறித்திருக்கும் அளவுக்குத் திரும்புவதுதான் பாதுகாப்பு. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எடைக் குறியீட்டு எண்ணும் அதற்குக் குறையக் கூடாது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, விபத்தில் மூன்றாம் நபருக்கு அடிபட்டால், டயர் மாற்றியதை மட்டும் காரணம் காட்டி கம்பெனி கைகழுவ முடியாது. மறுப்பதற்கான காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவே எண்ணி வைத்திருக்கிறது. உங்கள் காரின் சேதத்துக்கு அப்படி இல்லை. டயர்தான் விபத்துக்குக் காரணம் என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதிவிட்டால் சிக்கல். அப்புறம், பாலிசியில் சேர்க்காத அலாய் திருடு போனால் அதன் விலையும் கிடைக்காது.

கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கில் தேய்ந்த இடத்தையும் அங்கே படிந்திருக்கும் கருப்பு ரப்பர் தூளையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி, உரசுவதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கடன் வாங்கியாவது வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு, இந்த நான்கையும் அப்படியே வீட்டு முகப்பில் கட்டி வையுங்கள். ஆணையம் பரிசோதனைக்குக் கேட்டால் அந்த நான்கும் அதே நிலையில் இருக்க வேண்டும்.