ஐந்தொகையும் ஊரணிப் படியும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. சென்னையில், நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று கணக்கெடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் 2023-24 குறியீட்டில் தமிழகம் நூற்றுக்கு 78 எடுத்தது. நாட்டின் மதிப்பெண் 71. அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தோம். அந்த வாரம் ஊருக்குப் போனால் ஊரணி காய்ந்து கிடக்கிறது. அப்பத்தா தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்திருக்கிறார். வாழ்க்கையை எண்களால் அளக்கவே முடியாது என்று தோன்றிவிட்டது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் நம் தலையில் கட்டிய வேலைதானே? வேலையை விட்டுவிடலாமா? இந்தத் துறையில் என்ன படிக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊரணிக்கரையில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்திருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். எண்களால் அளக்க முடியாது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த கடைகளின் வரவு செலவு பேரேட்டில் ஏறி ஏறித்தான் நம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள் எழுந்தன. இந்த மண்ணில் பிறந்துவிட்டு எண்ணைப் பழிப்பது சோம்பல். வெளிநாட்டுச் சதி என்பது அதைவிடச் சோம்பல். அந்த 17 இலக்குகளையும் 2015 செப்டம்பரில் ஐ.நா.வில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்டன, நாமும்தான். பிரசவத்தில் எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று எண்ணாமல் எந்த அரசை நீங்கள் கேள்வி கேட்பீர்கள்? சரி, இதை இத்தோடு விடுவோம்.

என் ஐயா நகரத்தார் வீடு ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆண்டு முடிவில் ஐந்தொகை, அதாவது இருப்பு, கடன், லாப நட்டம் எல்லாம் தீர்த்துப் பார்க்கும் கணக்கு, போடும் நாட்களில் பட்டகசாலை என்ற கூடத்தில் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துக்கொள்வார். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு வருடம் ஒரு கடையில் நல்ல லாபம், இன்னொன்றில் போட்ட முதலே கரைந்திருந்தது. "ரெண்டையும் சேத்தா சரியாப் போச்சுல்ல ஐயா?" என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "லாபத்தை வச்சு முதல் கரைஞ்சதை மூடாதடா. தனியா எழுது. பாக்குறப்பல்லாம் கண்ணை உறுத்தணும்."

நீங்கள் அட்டவணையில் ஏற்றிக்கொண்டிருக்கும் கணக்கின் கோளாறு இதுதான். பெரும்பாலான இலக்குகளுக்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டு, கூட்டி, வகுத்துவிடுகிறீர்கள். நீருக்கான 6-வது இலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் குழாயும் கழிப்பறையும் அதில் உண்டு. நிலத்தடியில் ஊறுவதில் எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்ற விகிதமும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரே மதிப்பெண். குழாய் பெருகப் பெருக மதிப்பெண் ஏறும். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போவது சராசரிக்குள் காணாமல் போய்விடும். உங்கள் அப்பத்தாவின் குடங்கள் காணாமல் போன இடம் அதுதான்.

மாற்று இல்லாமலும் இல்லை. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து நாடுகளை அளக்க 1990-ல் வந்த ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீடு இருபது வருடம் கூட்டுச் சராசரியைத்தான் வைத்திருந்தது. 2010-ல் பெருக்குச் சராசரிக்கு மாறினார்கள். ஒன்றில் 90, இன்னொன்றில் 10 என்றால் கூட்டுச் சராசரி 50. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 30. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஓரிடத்தில் வாங்கிய மதிப்பெண் இன்னோரிடத்துப் பள்ளத்தை மூடக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது. ஆனாலும் இது பாதி மருந்துதான். முதலுக்குத் தனிப் பத்தி வேண்டும். நிலத்தடி நீர், மண், காடு, கண்மாய் இவற்றை எதோடும் கூட்டக் கூடாது. உங்கள் மேலாளரிடம் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாமலே எனக்குக் கடிதம் எழுதியிருந்தால் எனக்கு உங்கள்மேல் வருத்தம்தான்.

ஊரணி எப்படி நிறைந்தது என்று நினைத்துப் பாருங்கள். வளவு என்று நாம் சொல்லும், உள்முற்றத்தைச் சுற்றிய கட்டின் நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை முற்றத்தில் கொட்டும். வீட்டு அண்டாக்கள் நிரம்பிய பிறகு மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். 900 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 9,000 லிட்டர். ஒரு வீட்டிலிருந்து, ஒரு மழைக்கு. ஊர் சேர்த்து வைத்த முதல் அது.

அந்த முதலை அளக்கப் படிகள் இருந்தன. எங்கள் ஊரணியில் செம்பூரான்கல் படிகள். ஐயா மாலையில் என்னைக் கூட்டிப்போய் எண்ணச் சொல்வார். ஐந்தாவது படி வெளியே தெரிந்தால் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். எட்டாவது தெரிந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று கட்டுப்பாடு. கரையில் எத்தனை பெரிய வீடு இருந்தாலும், அந்த வருடம் எத்தனை கல்யாணம் நடந்தாலும், அதையெல்லாம் சேர்த்துப் படியை ஒன்றுகூட மேலே ஏற்றிவிட முடியாது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊரணியைச் சுற்றிச் சுவர் எழுப்பி விளக்கும் போட்டார்கள். ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது. ஏதோ ஒரு பதிவேட்டில் மேம்படுத்தப்பட்ட நீர்நிலைகளில் ஒன்று கூடியிருக்கும். மழை பெய்யும்போது அந்தச் சுவரோரம் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மூன்று மனு கொடுத்துவிட்டேன். நாலாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படிக்க வேண்டியதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிறகு எழுதுகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போங்கள். எந்தப் படி வரை தண்ணீர் நின்றது, எந்தப் படியில் என்ன கட்டுப்பாடு வைத்தார்கள் என்று கேட்டு, ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அப்பத்தாவுக்கு நினைவு இருக்கும்போதே செய்யுங்கள் அம்மா. எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். எங்கள் ஊரணியில் அன்று பதினோரு படி தெரிந்தது.