கொடைக்கானலில் படிக்கும் மாணவிகளால் உள்ளூர் ஸ்டார்ட்அப்களுக்கு நிஜமாகவே உதவ முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் ஆப் செய்து தருகிறோம் என்று ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அங்கீகாரம், கிடைத்தது. சரி, அதோடு வேலை முடிந்ததா? அந்தக் குறியீட்டைப் போட்டு விற்க, விளைவிப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். பக்கத்துப் பூம்பாறை கிராமத்தில் புகைபோட்டுப் பதப்படுத்திய பூண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பத்தான் ஆள் தேவை. 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மலையிலேயே இருக்கிறது. வணிகவியல் மாணவிகள் பதிவு, கணக்கு, பில் பார்க்கலாம். அறிவியல் மாணவிகள் பூண்டு எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று சோதிக்கலாம்.

அப்புறம், மாணவிகளே நிறுவனம் தொடங்கினால், தமிழக அரசின் ஸ்டார்ட்அப் அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் தரும் டான்சீட் என்ற தொடக்க ஆதார நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். செமஸ்டர் முடிந்ததும் பாதியில் விட்டுப் போகாதபடி ஜூனியர்களை முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.