பல் பிடுங்கி மூன்றாம் நாள் கூடுகிற வலி

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்கி மூன்று நாள். முதலில் வலி குறைந்துகொண்டு வந்தது. நேற்றிரவிலிருந்து காது வரை இழுக்கிறது, வாயும் மணக்கிறது. கராம்பை நசுக்கிக் குழிக்குள் வைத்திருக்கிறா. வீட்டில் மிச்சமிருக்கிற அமொக்சிலின் கொடுக்கலாமா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: கொடுக்க வேண்டாம். இன்றைக்கே பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

பல் பிடுங்கிய வலி நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறைந்த வலி இரண்டாம், மூன்றாம் நாளில் திரும்பக் கூடி, காதுப் பக்கம் ஏறி, நாற்றமும் சேர்ந்தால், குழியை மூடியிருந்த இரத்தக்கட்டி போய்விட்டது என்றுதான் முதலில் நினைப்போம். கட்டி இல்லாவிட்டால் தாடை எலும்பு வெறுமையாகிவிடும். சாப்பாடு பட்டாலும் காற்றுப் பட்டாலும் விண்ணென்று வலிக்கும். கீழ்க் கடைவாயில்தான் இது அதிகம். அன்டிபயோடிக் இந்த வலியைத் தணிக்காது. வைத்தியர் குழியைக் கழுவி மருந்து வைப்பார், அநேகமாக அன்றைக்கே சுகம் தெரியும். மருந்து மாற்ற மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போங்கள்.

கராம்பை ஈர்க்கால் கிண்டி எடுக்க வேண்டாம். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சரித்து, தானாக வழிய விடட்டும். சாப்பிட்ட பிறகெல்லாம் இப்படிச் செய்யலாம். ஈரல் வருத்தம் இல்லையென்றால் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. சீனி வருத்தம் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அம்மா வெற்றிலை போடுவாவா என்று நீங்கள் எழுதவில்லை. நம்ம பக்கத்தில் நான் முதலில் கேட்பது அதைத்தான். பாக்கு குழிக்குள் போகும், புகையிலை புண்ணை ஆறவிடாது, அடிக்கடி துப்பும்போது கட்டி இழுபட்டுக் கழன்றுவிடும். ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சினாலும் சிகரெட் பிடித்தாலும் அதே உறிஞ்சல்தான். ஒரு கிழமையாவது எல்லாவற்றையும் விடட்டும்.

இனி யாருக்குப் பல் பிடுங்கினாலும், வைத்த பஞ்சை அரை மணித்தியாலம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் கடித்திருக்கட்டும். எச்சிலை விழுங்கலாம். முதல் 24 மணித்தியாலம் கொப்பளிக்கவே கூடாது. உப்புத் தண்ணீரும் அதற்குப் பிறகுதான். ஆறின கஞ்சி, தயிரும் குழைந்த சோறும் போதும். எச்சில் இளஞ்சிவப்பாக வருவது பயமில்லை. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து நனைத்து, நிமிர்ந்திருந்து 20 நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டாலோ, காய்ச்சலோடு தாடைக்குக் கீழே வீங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.