மூன்று ரவுண்டு முடிந்தும் பதில் வரவில்லை என்றால்

பாபநாசத்திலிருந்து பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கிக்கொண்டு டொரொண்டோ வந்து சில மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, ஒரு கம்பெனியில மூணு ரவுண்டு இன்டர்வியூ முடிச்சேன். நல்லா பண்ணீங்கன்னு அவங்களே சொன்னாங்க. ஒரு மாசமா ஒரு பதிலும் இல்ல. இன்னொரு இடத்துல கனடா அனுபவம் இல்லன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட என்ன குறை? பணம் கொடுத்தா வேலை வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார், கொடுக்கலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கொடுக்காதீர்கள். டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வொர்க் பர்மிட்டில் வருகிறவர்களிடம் ரெக்ரூட்டர்களும் வாங்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் இரண்டு தரப்புக்கும் உரிமம் கட்டாயம். உங்களிடம் பணம் கேட்கிறவருக்கு அந்த உரிமம் இருக்கிறதா என்று மாகாண அரசின் இணையதளத்தில் தேடினாலே தெரிந்துவிடும். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூர் போவதற்கு நகையை வைத்து, நிலத்தை அடமானம் போட்டு ஏஜென்ட்டுக்குக் கட்டிய குடும்பங்கள் எத்தனை! அந்தச் சிங்கப்பூரிலேயே ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. வேலைக்குக் காசு என்பது நமக்குப் பழகிப்போனதால் அது முறையாகிவிடாது.

இப்போது அந்த ஒரு மாத மௌனத்துக்கு வருகிறேன். நான் நீடாமங்கலத்துக்காரி, மிசிசாகாவில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன், தஞ்சாவூர்க் கிளைக்கும் சேர்த்து. உள்ளே நடப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று ரவுண்டு வரை கூப்பிட்டார்கள் என்றாலே வேலை தெரிந்தவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முதலில் தேர்வானவர் ஆஃபரில் கையெழுத்துப் போடும்வரை அடுத்தவரிடம் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்குள் பட்ஜெட்டை நிறுத்தி வைத்திருக்கலாம். மேனேஜர் வேறு டீமுக்குப் போயிருக்கலாம். ஹெச்ஆர் சொல்லிக்கொள்வார் என்று மேனேஜரும், மேனேஜர் சொல்லிக்கொள்வார் என்று ஹெச்ஆரும் இருந்துவிடுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனாலும் சேமிப்பிலிருந்து வாடகை கட்டிக்கொண்டு காத்திருக்கிறவருக்கு அது கொடுமைதான். அது சகஜம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்டாரியோ அரசும் அதைச் சகஜம் என்று விடவில்லை. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம் வெளிப்படையாக விளம்பரம் செய்து இன்டர்வியூ வைத்தால், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள் ஆளை முடிவு செய்தாயிற்றா இல்லையா என்று விண்ணப்பித்தவருக்குச் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இன்டர்வியூவுக்கு ஆளைப் பொறுக்குவதற்காக முதலில் ஃபோனில் பேசுகிறார்களே, அது கணக்கில் வராது. உங்களுடையது மூன்று ரவுண்டு, சந்தேகமில்லாமல் வரும். அந்த நாள் இன்னும் தாண்டவில்லை. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். முடிவாகிவிட்டதா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் தெரியும் என்று கேட்டு இரண்டு வரியில் ஒரு மெயில் போடுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்க வேண்டாம். கேட்பதில் தொந்தரவு எதுவும் இல்லை. 45 நாளும் கடந்துவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்.

கனடா அனுபவம் கேட்டது அடுத்த சங்கதி. அதே தேதியிலிருந்து அதே அளவு நிறுவனங்கள் விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ அதைக் கேட்கக் கூடாது. சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, விண்ணப்பங்களைச் சலிக்க ஏஐ பயன்படுத்துகிறார்களா, அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்பதையும் விளம்பரத்தில் போட வேண்டும். நீங்கள் இன்ஜினியர் லைசென்ஸ் வாங்க நினைத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு வருடக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ இன்ஜினியர்கள் சங்கம் 2023-லேயே எடுத்துவிட்டது.

நம் பக்கத்து ஆளுக்கு இந்த 45 நாளின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறக்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், கடைமடைக்காரர் குறுவையை விட்டுவிட்டு சம்பாவுக்கு விதை பார்ப்பார். வருமா வராதா என்று தெரியாமல் நாற்று விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் கடனில் தள்ளும். வேலை தேடுகிறவருக்கும் "இல்லை" என்பது உபயோகமான சேதிதான், காலாகாலத்தில் வந்தால்.

தஞ்சாவூரில் ஆள் எடுக்கத் தொடங்கியபோது நான் முதலில் நிறுத்தியது, வாக்-இன் என்று எல்லோரையும் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்வதை. பேராவூரணியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து, சர்டிஃபிகேட் ஃபைலோடு வந்த பிள்ளைகள் மத்தியானம் மூன்று மணிவரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்ற பதிலோடு திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது முதல் ரவுண்டு ஃபோனில். நேரில் வருகிறவருக்குத் தனித்தனி நேரம். கிளம்பும்போது பதில் வரும் தேதியைச் சொல்லிவிடுகிறோம், அந்தத் தேதியில் சொல்லியும் விடுகிறோம். பழைய சம்பளச் சீட்டு கேட்பதில்லை. அந்த வேலைக்கு என்ன சம்பளமோ அதுதான், முன்பு யார் குறைவாகக் கொடுத்தார்கள் என்பது நமக்கு எதற்கு? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் கிடையாது. கடைசி ரவுண்டில் நின்றுபோனவர்களிடம் எது போதவில்லை என்று நானே ஃபோனில் சொல்வேன். அம்மாப்பேட்டைப் பெண் ஒருத்தி அப்படிக் கேட்டுக்கொண்டு போய், டேட்டாபேஸ் வேலையைப் படித்துவிட்டு மறுபடி விண்ணப்பித்தாள். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, ஒரு காலண்டரும் பத்து நிமிட ஃபோனும் போதும்.

உங்கள் ரெஸ்யூமேயில் ஊரில் எழுதுகிற மாதிரி அப்பா பெயர், பிறந்த தேதி, கல்யாணம் ஆனதா, மதம், ஃபோட்டோ எல்லாம் இருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கே விண்ணப்பத்தில் அவற்றைக் கேட்க மாட்டார்கள். டிகிரியை மட்டும் மறைக்காதீர்கள். படிப்பு அதிகம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிடங்கு வேலைக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம், உங்கள் துறையில் பொருந்தாது. அடுத்த இன்டர்வியூவில் எழுந்திருக்கும் முன்பு "எந்தத் தேதிக்குள் தெரியப்படுத்துவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்கிற தேதியை அவர்கள் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.