பெயர் இல்லாத பெடல் ஸ்டீல் கிட்டார்: எந்த மாடல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: டென்னசி மாநிலத்தில் வசிக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலிசெய்து பொருட்களை விற்கிறார்கள். அதில் இரண்டு நெக் உள்ள பெடல் ஸ்டீல் கிட்டார் (பெடலையும் முழங்கால் லிவரையும் அழுத்தித் தந்தியின் சுருதியை மாற்றும் கிட்டார்) ஒன்று இருக்கிறது. நெக்குக்கு 10 தந்தி, 8 பெடல், 3 முழங்கால் லிவர். முன்பக்கம் பெயர் எதுவும் இல்லை. ஃப்ரெட் போர்டில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள் இருக்கின்றன. "1960களின் ஷோ-பட் கம்பெனிக் கருவி, முதல் காலத்துச் சரக்கு" என்று சொல்லி அதற்கேற்ற விலை கேட்கிறார்கள். நம்பி வாங்கலாமா? நான் எடுத்த சில படங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஷோ-பட் என்பது சரியாகத்தான் தெரிகிறது. 1960கள் என்பதுதான் இடிக்கிறது.

முதலில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள். இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்று வரிசையாகப் பார்த்ததும் எல்லோருக்கும் ஷோ-பட் நினைவுக்கு வருவது இயல்பு. அது அந்தக் கம்பெனியின் அடையாளம்தான். ஆனால் ஃப்ரெட் போர்டு என்பது கழற்றி மாற்றக்கூடிய ஒரு பட்டை. பழையது தேய்ந்து போனால் அதே சின்னங்களோடு புதிதாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பிக்கப், தந்தி முறுக்கும் சாவிகள், கால்கள், பெடல் பலகை ஆகியவையும் இப்படித்தான். 50 வருடத்தில் கைமாறி மாறி வேறு கருவியிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். மேலிருந்து தெரிகிற எதையும் வைத்து வருடத்தை முடிவுசெய்யாதீர்கள். கருவியை மெதுவாகப் பெட்டியில் கவிழ்த்து வைத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாடலைச் சொல்வது அங்கே ஓடும் கம்பிகளும் அச்சுகளும்தான். அதை மொத்தமாக மாற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

மற்ற கம்பெனிகளைச் சட்டென்று தள்ளிவிடலாம். ஃபெண்டர் 400, 1000 இரண்டும் 1950களின் கடைசியில் வந்தவை, நெக்குக்கு 8 தந்தி, பெடலிலிருந்து மேலே போவது சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரியான எஃகு வடம். 1960களில் வந்த 10 தந்தி ஃபெண்டர்களிலும் வடம்தான். உங்கள் படத்தில் வடமே இல்லை. கிப்சனின் பழைய எலக்ட்ராஹார்ப்பில் பெடல்கள் கருவியின் இடது பக்கக் காலைச் சுற்றி விசிறிபோல விரிந்திருக்கும். உங்களுடையதில் குறுக்குப் பலகையில் வரிசையாக இருக்கின்றன. பால் பிக்ஸ்பி கலிபோர்னியாவில் ஒவ்வொன்றாகக் கையால் செய்த கருவி இப்படிக் கேட்பாரற்று விற்பனைக்கு வருவது லாட்டரி அடிப்பதற்குச் சமம். எம்மன்ஸ் என்றால் பெரும்பாலும் மரத்தின் மேல் மைக்கா ஒட்டியிருக்கும், கறுப்பு நிறம் அதிகம். உங்களுடையதில் கண்ணுக்கண்ணாகப் புள்ளி தெரியும் மேப்பிள் மரம், மேலே லாக்கர் பூச்சு. அது ஷோ-பட் வழக்கம்.

பழைய எம்மன்ஸோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு வழியும் உண்டு. ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அடியில் கம்பியைக் கவனியுங்கள். பழைய எம்மன்ஸில் சுருதியை ஏற்றும் கம்பி இழுக்கும், இறக்கும் கம்பி தந்தி முனையில் உள்ள சேஞ்சரை (தந்தியின் சுருதியை மாற்றும் பகுதி) நோக்கித் தள்ளும். 'புஷ்-புல்' என்ற பெயரே அதனால்தான். ஏற்றினாலும் இறக்கினாலும் கம்பி இழுக்க மட்டும் செய்தால் அது 'ஆல்-புல்' வகை, பழைய எம்மன்ஸ் இல்லை.

ஸ்டீல் கிட்டார் கலைஞர்களான ஷாட் ஜாக்சனும் 'படி' (Buddy) எம்மன்ஸும் 1950களின் நடுவில் நாஷ்வில் பக்கம் தொடங்கியது ஷோ-பட். 1960களின் தொடக்கத்தில் எம்மன்ஸ் பிரிந்துபோய், வட கரோலினாவின் பர்லிங்டனில் தன் பெயரிலேயே கம்பெனி வைத்தார். ஷோ-பட்டின் முதல் மாடலான பெர்மனன்டில், எந்தப் பெடல் எந்தத் தந்தியை மாற்றும் என்பதைச் செய்யும்போதே அமைத்துக் கொடுத்துவிடுவார்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. அடுத்து வந்த ஃபிங்கர்டிப்பில் வாசிப்பவரே ஓரளவு மாற்றிக்கொள்ள முடிந்தது. 1960களின் பிற்பகுதியில் பால்ட்வின் கம்பெனி மூலம் விற்பனையான கிராஸ்ஓவர், பெடல்களை ஒரு நெக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஏற்பாட்டோடு வந்தது. யோசனை நல்லது, இயந்திரம் சிக்கலானது. பழுதுபார்ப்பவர்கள் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

இப்போது உங்கள் மூன்றாவது படத்துக்கு வருவோம். குறுக்கே போகும் அச்சுகளில் சிறிய சட்டங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றில் கட்டைவிரல் நுனி அளவுக்கு உலோக உருளைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வோர் உருளைக்குள்ளும் ஒரு கம்பி நுழைந்து சேஞ்சர் வரை ஓடுகிறது. இதைத்தான் 'ராக் அண்டு பேரல்' என்பார்கள். ஷோ-பட்டில் இது 1970 வாக்கில், புரொஃபஷனல் மாடலோடு வந்தது. அடுத்து வந்த புரோ-1, புரோ-2 மாடல்களின் முதல் வருடங்களிலும் இதே ஏற்பாடு. பிறகு உருளைகளை விட்டுவிட்டு, ஓட்டை போட்ட நெம்புகோலில் கம்பியைக் கொக்கிபோல மாட்டும் முறைக்குப் போனார்கள். உங்கள் கருவியின் முன் விளிம்பு உருண்டையாக இருக்கிறது. பிற்காலப் புரோ வரிசையில் அது சதுரமாகிவிட்டது. நெக் மரத்தில் இருப்பதால் அலுமினிய நெக் போட்ட புரோ-3 இல்லை. புரோ-1 ஒற்றை நெக், ஆகவே அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது இரண்டுதான்: புரொஃபஷனல், அல்லது ஆரம்பகாலப் புரோ-2. எப்படிப் பார்த்தாலும் 1970களின் முற்பகுதி.

முழங்கால் லிவர் மூன்று இருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். ஒன்றோ இரண்டோ வந்த கருவியில் பிறகு சேர்ப்பது சகஜம். லிவர் பிடிப்பு மற்றவற்றிலிருந்து வேறு நிறமா, திருகு புதிதா, பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் குறை இல்லை; வாசிப்பவருக்கு லாபம்தான். 'எதுவும் மாற்றாத அசல்' என்று விலை சொல்பவரிடம் பேரம் பேச மட்டும் உதவும்.

அப்புறம், டோன் குமிழ் இருந்தால் உள்ளே இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 1377125 என்று இருந்தால், 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் (CTS) கம்பெனி, 71 வருடம், 25 அந்த வருடத்தின் வாரம். ஸ்டாக்போல் கம்பெனி செய்தது என்றால் 304 என்று தொடங்கும். கருவி அந்தத் தேதிக்கு முன்னால் செய்யப்பட்டிருக்காது என்பதை மட்டுமே இது சொல்லும். குமிழை யாராவது பிறகு மாற்றியிருந்தால் அதையும் சொல்லாது. ஈயப் பற்று பழையதா என்று கூடவே பாருங்கள். வரிசை எண் இருந்தால் படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வருடம் சொல்பவரை நம்பாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பெடலையும் மெதுவாக மிதித்து விட்டுப் பாருங்கள். விட்டதும் தந்தி பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பெரும்பாலும் சேஞ்சரில் இறுகிப்போன பழைய எண்ணெய்தான் காரணம், சுத்தம் செய்தால் சரியாகும். உருளையோ கம்பியோ ஒன்றிரண்டு இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், கடைந்து தருபவர்கள் இருக்கிறார்கள். நெக் பிளந்திருந்தாலோ உடல் மரம் வளைந்திருந்தாலோ விட்டுவிடுங்கள். லாக்கரில் முடிபோல வெடிப்பு இருந்தால் அப்படியே இருக்கட்டும். பளபளப்பாக்குகிறேன் என்று சுரண்டினால் மதிப்பு பாதியாகிவிடும்.

விலை பேசும்போது ஃபிங்கர்டிப் பெயரையோ பெர்மனன்ட் பெயரையோ அவர்கள் எடுத்தால், கருவியைக் கவிழ்த்து உருளைகளைக் காட்டுங்கள். 1970களின் ஷோ-பட்டுக்கு உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன விலையோ அதைக் கொடுங்கள். வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், எனக்கு இந்த மாடல்தான் பழையதைவிடப் பிடிக்கும்: செட்டிங் மாற்றுவது சுலபம், நாஷ்வில் பக்கம் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் உண்டு.