பழைய பாட்டு, புது ஆள்: பத்து வார டூருக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கீபோர்டு வாசிப்பதுதான் தொழில். இதுவரை ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலும் ஒருநாள் மேடைகளிலும் மட்டுமே வாசித்திருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு மேலாக மேடையில் இருக்கும் ஒரு பாப் இசைக்குழு, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு என்னை அழைத்திருக்கிறது. பத்து வாரம். அவர்களுடைய பழைய கீபோர்டு கலைஞர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆரம்பத்திலிருந்து இருப்பவர்கள் இப்போது இரண்டே பேர்தான். என் மனைவி, "சம்பளமும் வாங்கிக்கொண்டு ஊரும் சுற்றலாம், கிளம்பு" என்கிறாள். அம்மாவுக்கு குடி, தூக்கமின்மை, சேர்க்கை என்று ஆயிரம் பயம். என் கவலை வேறு. தினமும் அதே இருபது பாட்டு என்றால் சலித்துவிடாதா? ரசிகர்கள் என்னை வேற்றாளாகத்தானே பார்ப்பார்கள்? போகலாமா, வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போங்கள். ஆனால் உங்கள் மனைவி சொல்லும் காரணத்துக்காகப் போகாதீர்கள். இது ஊர் சுற்றும் வேலை இல்லை. பத்து வாரத்தில் பல நாடுகளைத் தொட்டு வருவீர்கள், பெரும்பாலானவற்றில் நீங்கள் பார்க்கப்போவது அரங்கத்தின் பின்வாசல், லாரி நிற்கும் இடம், ஜன்னல் இல்லாத ஓர் ஒப்பனை அறை, அவ்வளவுதான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ், 1960களின் பிற்பகுதியிலிருந்தே டூரில் தான் படுத்த ஹோட்டல் கட்டில்களை ஒவ்வொன்றாகப் படம் வரைந்து வைத்து வந்தார். உலகம் முழுக்கப் போன மனிதர், வரைந்ததோ கட்டிலை. இந்தத் தொழிலைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று முதலில் பார்த்துவிடுவோம். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தொழில்நுட்ப ஆட்கள் லாரியைத் திறந்து சாமான்களை இறக்குவார்கள். அப்போது நீங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மாலை நான்கு மணிவாக்கில் சவுண்ட் செக், அதாவது மேடையில் வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது. ஏழு மணிக்குக் கதவு திறக்கும். எட்டரை, ஒன்பது மணிக்கு நீங்கள் மேடையேறுவீர்கள். பதினொன்றுக்குள் முடித்தாக வேண்டும் என்று பல அரங்கங்களில் கட்டாயம் இருக்கும், மீறினால் அபராதம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, நள்ளிரவு தாண்டி பஸ் கிளம்பும். கண் விழிக்கும்போது அடுத்த ஊர். இதில் நீங்கள் வாசிப்பது இரண்டு மணி நேரம். மீதியெல்லாம் காத்திருப்பு. நன்றாக வாசிக்கத் தெரிந்தும் டூரில் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் காத்திருக்கத் தெரிவதில்லை, அதுதான் விஷயம்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீடு அதுதான். பன்னிரண்டு முதல் பதினாறு பெர்த் வரை இருக்கும் ஸ்லீப்பர் பஸ்தான் வழக்கம். உங்களுக்குச் சொந்தம் ஒரு பெர்த், ஒரு திரை, ஒரு சின்ன விளக்கு. கால், ஓட்டுநர் பக்கம் இருக்கும்படி படுக்க வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் தலை போய் மோதக் கூடாது என்பதற்காக. பஸ் கழிப்பறையில் சிறுநீர் மட்டும்தான், மற்றதற்கு வண்டி நிற்கும் இடம் வரை பொறுக்க வேண்டும். இந்த விதியை மீறியவரின் பெயர் டூர் முடியும்வரை மறக்கப்படாது! ராத்திரி பெட்ரோல் பங்கில் இறங்கினால் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், அவர் இல்லாவிட்டால் அவர் இருக்கையில் எதையாவது வைத்துவிட்டுப் போங்கள். செருப்பும் செல்போனும் இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றவர்களின் கதை எல்லா டூரிலும் ஒன்று இருக்கும்.

பஸ் கிளம்பும் நேரம் என்று ஒன்று சொல்வார்கள். அது பேச்சுக்குச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். எல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும். நீங்கள் இருபது நிமிடம் தாமதமாக வந்தால் அந்த இருபது நிமிடம் மொத்தக் கணக்கையும் குலைத்துவிடும்.

இன்னொன்று. மூத்த குழுக்களில் ஆரம்பகால உறுப்பினர்கள் பெரும்பாலும் பஸ்ஸில் வர மாட்டார்கள். எழுபதை நெருங்கும் வயதில் பெர்த்தில் படுத்தால் மறுநாள் முதுகு பாடாது, குரலும் பாடாது. அவர்கள் காரிலோ விமானத்திலோ வந்து ஹோட்டலில் தங்குவார்கள். நீங்கள் தொழில்நுட்ப ஆட்களோடு வருவீர்கள். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒலி பார்ப்பவர், விளக்கு போடுபவர், உங்கள் கீபோர்டைத் தூக்கி வைப்பவர், இவர்கள்தான் இந்தப் பத்து வாரத்துக்கு உங்கள் சொந்தக்காரர்கள். அதிலும் மானிட்டர் பார்ப்பவரிடம் நல்ல பெயர் வாங்குங்கள். உங்கள் காதில் என்ன விழ வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது.

சரி, இப்போது பாட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

சலிக்குமா என்று கேட்கிறீர்கள். முதல் பத்து நாள் சலிக்க நேரம் இருக்காது, பயமே போதும். ரெக்கார்டைக் கேட்டுப் பயிற்சி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பாதிதான் உதவும். பாடகருக்கு வயதாகும்போது பாட்டின் ஸ்கேலை, அதாவது சுருதியை, அரை சுரமோ ஒரு சுரமோ இறக்கிவிடுவார்கள். ரெக்கார்டு வெளிவந்தபோது இருந்த ஸ்கேலில் கைப்பழக்கம் செய்துகொண்டு போய் நின்றால் ஒத்திகையின் முதல் நாளே வியர்க்கும். அப்புறம், அந்தக் காலப் பாப் பாட்டுகளில் பாதி, சத்தம் மெல்லத் தேய்ந்து மறைவதாக முடியும். மேடையில் அப்படி முடிக்க முடியாது, ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவு எந்த ரெக்கார்டிலும் இருக்காது, அந்தக் குழுவின் தலைக்குள்தான் இருக்கும். அதனால் கடைசியாக நடந்த டூரின் ஒலிப்பதிவைக் கேளுங்கள், இசையமைப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் இன்றைய ஸ்கேலும் டெம்போவும் (பாட்டின் வேகம்) குறித்த பட்டியலையும் கேளுங்கள்.

உங்களுக்குத் தோன்றும் அழகான மாற்றங்களை எல்லாம் பையிலேயே வைத்திருங்கள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் அந்த எட்டு சுர கீபோர்டு வரியை, கீழே நிற்கிற ஐம்பது வயதுக்காரர் வாயால் பாடிக்கொண்டிருப்பார். அதில் ஒரு சுரத்தை மாற்றினால் அவருக்கு வலிக்கும். திறமையைக் காட்டும் இடம் அதுவல்ல. பாடகர் இன்றைக்கு ஒரு வரியை மூச்சுக்காக முன்னாலேயே விட்டுவிட்டால் அந்த ஓட்டையை யாருக்கும் தெரியாமல் அடைப்பதுதான் இந்த வேலையில் திறமை. ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஓட்டை வேறு இடத்தில் விழும். அதைக் கவனிக்க ஆரம்பித்தால் சலிப்பு தெரியாது. கவனிக்கத் தெரியாதவருக்கு இருநூறு பாட்டு கொடுத்தாலும் சலிக்கத்தான் செய்யும்.

சக் லெவெல் என்று ஒரு கீபோர்டு கலைஞர். 1982இலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸோடு டூர் போகிறார். ஒவ்வொரு பாட்டின் அமைப்பையும் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொள்வதற்குப் பேர்போனவர். அவர் இன்றுவரை அந்தக் குழுவின் அதிகாரபூர்வ உறுப்பினர் இல்லை. 1993இல் பில் வைமன் விலகியபின் பேஸ் கிட்டாருக்கு வந்த டாரில் ஜோன்ஸும் அப்படித்தான். வேற்றாளாகப் பார்ப்பார்களா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்: ஆமாம், சட்டப்படியும் கணக்குப்படியும் நீங்கள் வேற்றாள்தான். பெயரும் லாபமும் அவர்களுடையது, உங்களுக்குச் சம்பளம். அதை முதல் நாளே ஏற்றுக்கொண்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ரசிகர்களைப் பொறுத்தவரை, முதல் பாட்டில் பழைய முகத்தைத் தேடுவார்கள், மூன்றாவது பாட்டில் மறந்துவிடுவார்கள். சில சமயம் இதுவும் நடக்கும்: பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாப் குழுவில் பிரையன் வில்சன் 1964 கடைசியில் விமானத்தில் பதற்றம் தாளாமல் நிலைகுலைந்து, அதற்குப் பின் மேடைப் பயணங்களிலிருந்து ஒதுங்கியபோது, அவர் இடத்துக்கு 1965இல் ஆள் குறைக்கு என்று வந்தவர் புரூஸ் ஜான்ஸ்டன். பல பத்தாண்டுகள் அந்தக் குழுவிலேயே இருந்துவிட்டார். ஆனால் இதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். குடி விஷயத்தில் அவர் மனதில் இருப்பது இருபது வயதுப் பையன்களின் டூர். நாற்பது வருடம் தாண்டியும் மேடையில் நிற்கிறவர்கள், நிற்க முடிந்ததே எதையாவது விட்டதால்தான். பல மூத்த குழுக்களின் பின்மேடையில் வெந்நீரும் மாத்திரை டப்பாவும்தான் முக்கியமான பொருட்கள். ஆனாலும் ஷோ முடிந்த பரபரப்பு அடங்க இரண்டு மணி நேரமாவது ஆகும், அந்த நேரத்தில்தான் பஸ்ஸின் முன்பகுதியில் பாட்டில் திறக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து சிரித்துவிட்டு பெர்த்துக்குப் போய்விடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தூக்கம் பற்றி அம்மா சொல்வது சரி.

அவர் பயப்படாத ஒன்றுக்குத்தான் நான் பயப்படுகிறேன்: காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கப் பணியிட சுகாதார ஆய்வு அமைப்பின் பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் அந்த அளவு சாதாரணமாக வரும். ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் டூரின் நடுவில் நிறுத்த வேண்டிவந்தது காதால்தான். உங்கள் காதுக்கென்றே அச்செடுத்துச் செய்த இன்-இயர் மானிட்டர் (மேடை ஒலியைக் காதுக்குள்ளேயே கேட்கும் கருவி) வாங்குங்கள், சொந்தக் காசு போட்டாவது. அதையும் சத்தமாக வைத்துக் கேட்டால் பயனில்லை.

இனி ஒப்பந்தம். மூத்த குழு என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஷோ ரத்தானால் என்ன என்பதுதான். ஏரோஸ்மித் என்ற அமெரிக்க ராக் குழு 2023 செப்டம்பரில் விடைபெறும் டூரைத் தொடங்கியது. சில ஷோக்களிலேயே பாடகர் ஸ்டீவன் டைலரின் தொண்டை காயப்பட்டு டூர் நின்றது. 2024 ஆகஸ்டில் இனி டூரே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இது யாருக்கும் நடக்கலாம். உங்கள் சம்பளம் ஷோவுக்கு இவ்வளவு என்றா, வாரத்துக்கு இவ்வளவு என்றா? ஷோ இல்லாத நாளுக்கு உண்டா? ஒத்திகை நாட்களுக்கு? பேட்டா தனியா? பாதியில் நின்றால் எத்தனை வாரச் சம்பளம்? இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் குழுவோடு போகாமல் இருப்பதே நல்லது. வாசிக்கும் நாட்டிலேயே உங்கள் கூலியில் வரி பிடிப்பார்கள். பிரிட்டனில் அது பொதுவாக 20 சதவீதம். பிடித்ததற்குச் சான்று கிடைக்குமா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் அதே பணத்துக்கு வீடு திரும்பியும் வரி கட்ட நேரிடும்.

உங்களிடம் ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் பாஸ்போர்ட் இல்லை என்றால், ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். பத்து வாரம் 70 நாள், ஒத்திகை இரண்டு வாரம் அங்கேயே என்றால் 84. ஓய்வு நாளும் கணக்கில் சேரும். சமீபத்தில் அந்தப் பக்கம் போய்வந்திருந்தால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். தங்க அனுமதி வேறு, வேலை செய்ய அனுமதி வேறு, பின்னது நாட்டுக்கு நாடு மாறும். அது நிர்வாகத்தின் பொறுப்பு, செய்துவிட்டார்களா என்று கேட்பது உங்கள் பொறுப்பு. கருவிகளுக்குக் கார்னே என்ற சுங்கப் பத்திரம் எடுப்பார்கள். ஒவ்வொரு பொருளும் வரிசை எண்ணோடு அதில் இருக்கும். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனில் இருந்தாலும் ஒன்றியத்துக்கு வெளியே என்பதால் எல்லையில் அதைக் காட்ட வேண்டிவரும். பட்டியலில் இல்லாத பெடலை நடுவழியில் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு டூர் மேனேஜரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

கடைசியாக மனைவி. தினமும் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சவுண்ட் செக் முடிந்து மேடைக்கு முன்னால் உள்ள இடைவெளி நல்லது. ஷோ முடிந்த கையோடு வேண்டாம். அப்போது நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள், அவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். வீடு திரும்பிய முதல் வாரம் ராத்திரி ஒன்பது மணியானால் உடம்பு மேடைக்குத் தயாராகும், மேடை இருக்காது. எரிச்சலும் வெறுமையும் வரும். இது பலருக்கும் வருவதுதான் என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள், தன்மேல்தான் கோபமோ என்று நினைத்துவிடப் போகிறார். ஊர் பார்க்க அவருக்கு ஆசை இருந்தால் இரண்டு ஓய்வு நாள் சேர்ந்து வரும் ஊராகப் பார்த்து வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஹோட்டல் அறை உங்கள் செலவு, டூர் மேனேஜருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.