வலிக்கலன்னு சொல்ற காலு – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதாசிங்க பாதிக்கு மேல இங்க தென்னாப்பிரிக்காவுல காலு வைத்தியம் பண்றவங்க எழுதினது, அவங்க ரூம்ஸ்ல, அதாவது கிளினிக்குல, வேல பார்க்கிறவங்களும் எழுதியிருக்காங்க, அதனால இந்த தடவ அதையே எடுத்துக்கறேன். ஒரு சின்ன விஷயம் மொதல்ல, எல்லாரும் பாசத்துல டாக்டரக்கான்னு எழுதறீங்க, வேணாம்ப்பா. நான் போடியாட்ரிஸ்ட், பாதத்துக்கு மட்டும் வைத்தியம் பண்றவ, டாக்டர் இல்ல. நம்மள டாக்டர்னு நெனச்சு ஒரு ஆயா சுகர் மாத்திரைய கூட்டலாமா குறைக்கலாமான்னு நம்மகிட்ட கேட்டுட்டுப் போயிட்டா அது நம்ம தலைல வந்து நிக்கும். அக்கா போதும்.

கேள்வி: அக்கா, நான் ஜோஹானஸ்பர்க் யூனிவர்சிட்டில போடியாட்ரி முடிச்சிட்டு ரெண்டு வருஷம் இன்னொருத்தர்கிட்ட இருந்தேன். இப்ப டர்பன் பக்கத்துல பீனிக்ஸ்ல ஒரு ஜிபி டாக்டரோட கிளினிக்குக்குப் பின்னாடி ஒரு ரூம் கெடச்சிருக்கு. நல்ல சேர், நல்ல டிரில்னு மெஷின்ல பணத்தப் போடுன்னு அப்பா சொல்றாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: தம்பி, சேர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிக்கலாம், அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. எச்பிசிஎஸ்ஏல, அதான் நம்ம தொழில் பண்றவங்களப் பதியற கவுன்சில், ரெஜிஸ்ட்ரேஷன் உயிரோட இருக்கான்னு பாரு, வருஷக் கட்டணம் ஏப்ரல் 1 கெடு, அத மறந்து சஸ்பெண்ட் ஆகி, ஆனது தெரியாமலே பேஷண்ட் பார்த்துட்டு இருக்கிறது சட்டப்படி குத்தம். அப்புறம் பேஷண்டோட மெடிக்கல் எய்ட், அதாவது வைத்தியச் செலவு கட்டற ஸ்கீம்ல, கிளெய்ம் போட போர்ட் ஆஃப் ஹெல்த்கேர் ஃபண்டர்ஸ்கிட்ட பிராக்டிஸ் நம்பர். கிளெய்ம தள்ளிப் போடாத, சேவை குடுத்த மாசத்துக்கு அப்புறம் வர்ற நாலாவது மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரலன்னா ஸ்கீம் கட்ட மாட்டேன்னு சொல்லிடலாம், செஞ்ச வேலைக்குக் காசு இல்லாம போயிடும்.

பணம் போட வேண்டிய எடம் இன்டெம்னிட்டி, பேஷண்ட் கேஸ் போட்டா நம்மளக் காப்பாத்தற இன்சூரன்ஸ். அதுல ரெண்டு வகை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி எந்த வகைன்னு வாய் விட்டுக் கேளு. ஒண்ணு, சம்பவம் நடந்த நாள்ல கவர் இருந்தா போதும், கேஸ் எப்ப வந்தாலும் பார்த்துக்குவாங்க. இன்னொண்ணு கிளெய்ம்ஸ் மேட்னு சொல்றது, அதுல கேஸ் வர்ற நாள்ல கவர் உயிரோட இருக்கணும். ரெண்டாவது வகைய வெச்சிருந்து நீ பாட்டுக்கு கம்பெனி மாத்திட்டேன்னாலோ பிராக்டிஸ மூடிட்டேன்னாலோ பழைய வேலைக்கெல்லாம் பாதுகாப்பு போயிடுச்சு, ரன் ஆஃப் கவர்னு தனியா வாங்கணும். கேஸ் போட பொதுவா மூணு வருஷம் டைம், அதுவும் விஷயம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எண்ணுவாங்க, சின்னப் பிள்ளைங்க விஷயத்துல இன்னும் நீளும். நீ அந்த பழைய ரூம்ஸ்ல பார்த்த ரெண்டு வருஷத்துக்கு யாரு கவர்னு இன்னிக்கே ஒரு ஈமெயில் போட்டுக் கேட்டு பதில சேவ் பண்ணி வெச்சுக்கோ.

ஒரு பொண்ண வேலைக்கு வெச்சாலும் யூஐஎஃப்லயும் (வேல போனா உதவற நிதி) காம்பென்சேஷன் ஃபண்ட்லயும் (வேலைல அடிபட்டா உதவற நிதி) பதிஞ்சிடு. பிளேடு எடுக்கும்போது அவளுக்குக் குத்திடுச்சுன்னா எச்ஐவி மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் சாப்பிடணும். எந்த கிளினிக்குக்குப் போகணும், ராத்திரின்னா யாருக்கு ஃபோன் பண்ணணும்னு ஒரு பேப்பர்ல எழுதி சிங்க் மேல ஒட்டி வை. குத்தின அப்புறம் தேட உக்காந்தா கையும் ஓடாது காலும் ஓடாது.

கேள்வி: அக்கா, சாட்ஸ்வொர்த்லேர்ந்து எழுதறேன், பேரு போடாதீங்க. எங்க ரூம்ஸுக்கு வருஷக்கணக்கா வர்ற ஒரு தாத்தா, சுகர் 20 வருஷமா இருக்கு, ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு. இந்த வருஷம் வேண்டுதல்னு தீமிதி இறங்கியிருக்காரு, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. கொஞ்சங்கூட வலிக்கல, அம்மா அருள்னு சந்தோஷமா இருந்தாரு, நாலாவது நாள் சாக்ஸ்ல ஈரம் இருக்கேன்னு மக கழட்டிப் பார்த்தா உள்ளங்கால் பூரா கொப்புளம் ஒடஞ்சு கெடக்கு. இப்ப அந்த மக, மரத்துப்போன காலுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல, ஏன் எச்சரிக்கலன்னு கேக்குறாங்க. நான் நெஜமாவே சொன்னேன் அக்கா, வெறுங்கால்ல நடக்காதீங்க, சூடு ஆகாதுன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். ஆனா ஃபைல்ல "அட்வைஸ் குடுத்தாச்சு"ன்னு மட்டும்தான் இருக்கு. இன்னும் ரெண்டு வரி இப்ப சேர்த்து எழுதிடலாமா?

பதில்: சேர்க்காதீங்க. தயவு செஞ்சு சேர்க்காதீங்க. ஒங்க கை அந்த ஃபைல் மேல போறதுக்கு முன்னாடி இத நீங்க படிச்சிருக்கணும்னுதான் நான் வேண்டிக்கறேன். நீங்க சொன்னது நெஜமா இருக்கலாம், நான் நம்பறேன், ஆனா சம்பவத்துக்கு அப்புறம் பழைய தேதிக்குக் கீழ ஒரு வரி ஏறினா அது கண்டுபிடிக்கப்படும், மை வேற, கம்ப்யூட்டர்னா நேரமே பதிவாயிருக்கும், அப்படிக் கண்டுபிடிச்ச அன்னிக்கு நீங்க உண்மையா எழுதின மத்த பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஞாபகத்துல இருக்கறத எழுதணும்னா இன்னிக்குத் தேதி போட்டு, இது பின்னாடி எழுதற குறிப்புன்னு சொல்லி, கையெழுத்தும் போட்டு எழுதுங்க. ஏற்கனவே எழுதினதுல தப்பு இருந்தாலும் அப்படித்தான், ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, பழைய எழுத்து தெரியற மாதிரி விட்டு, பக்கத்துல தேதி, கையெழுத்து.

ஆனா ஃபைலுக்கு முன்னாடி தாத்தா. அவரு இப்ப எங்க இருக்காரு? நாலு நாள் ஆன தீப்புண், உணர்ச்சி இல்லாத காலு, 20 வருஷ சுகர், இத ரூம்ஸ்ல டிரெஸ்ஸிங் போட்டு வெள்ளிக்கிழம வாங்கன்னு அனுப்பற விஷயமே இல்ல. வலி இல்லேங்கறதால மேலோட்டமான புண்ணுன்னு நெனக்கக் கூடாது, வலி சொல்ற நரம்புதான் அவருக்கு வேல செய்யல. இன்னிக்கே ஆஸ்பத்திரி, ரத்த ஓட்டம் பார்க்கணும், கிருமி ஏறியிருக்கான்னு பார்க்கணும், காலுல பாரம் ஏறாம வைக்கணும். நீங்க ஃபோன் பண்ணி விசாரிங்க, எந்த டாக்டர்கிட்ட பேசினீங்க, எத்தன மணிக்குன்னு அதையும் எழுதிக்கோங்க.

அந்த மககிட்ட ஒளிஞ்சு ஓடாதீங்க. அப்பாவுக்கு இப்படி ஆச்சேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்மான்னு சொல்றது தப்ப ஒத்துக்கறது ஆகாது, மனுஷத்தனம். யாரு மேல தப்புன்னு மட்டும் பேச்ச வளர்க்காம, இன்னிக்கே இன்டெம்னிட்டிக்காரங்களுக்குச் சொல்லிடுங்க, லாயர் கடிதாசி வரட்டும்னு காத்திருந்தா லேட்டா சொன்னீங்கன்னு அவங்களே கை விரிக்கலாம். தாத்தா ஃபைல் காப்பி கேட்டா குடுங்க, மக கேட்டா அவரோட சம்மதத்த எழுத்துல வாங்கிட்டுக் குடுங்க.

இப்ப இனிமே வரப்போறவங்களுக்காக ஒண்ணு. நம்ம மக்கள் காலு எப்ப புண்ணாகும்னு நமக்கு பஞ்சாங்கம் பார்த்தே தெரியும். தைப்பூசம் ஜனவரி பிப்ரவரில வரும், டர்பன்ல தார் ரோடு கொதிக்கிற நேரம், வெறுங்கால்ல காவடி. அப்புறம் பங்குனி உத்திரம், ஈஸ்டர் சமயத்துல மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடி மாசம் கூழ் ஊத்தறது. வெளியூர்ல அச்சடிச்ச ஃபார்ம்ல இதெல்லாம் இருக்காது. எங்க ரூம்ஸ்ல சுகர் பேஷண்ட் யாரு வந்தாலும் ரிசப்ஷன்ல ஒரு கேள்வி கேப்போம், இந்த வருஷம் வேண்டுதல் ஏதாச்சும் இருக்கா, காவடி, தீமிதி, பால்குடம்? கேட்டா சொல்லிடுவாங்க. கேக்கலன்னா சொல்ல மாட்டாங்க, நாம திட்டுவோம்னு பயம்.

திட்டக் கூடாது. நானும் விரதம் இருந்து மிதிச்சவதான், அந்த நேரத்து மனசு எனக்குத் தெரியும், 1860ல ட்ரூரோ கப்பல்ல வந்தவங்க கையோட கொண்டாந்த பக்தி அது, அத மூட நம்பிக்கைன்னு சொல்லிப் பேச்ச ஆரம்பிச்சா தாத்தா அடுத்த தடவ வரவே மாட்டாரு. அருளப் பத்தி நான் எதுவும் பேசறதில்ல, 10 கிராம் மோனோஃபிலமென்ட்ட, உணர்ச்சி இருக்கான்னு பார்க்கற நைலான் இழைய, எடுத்து மொதல்ல கைல தொட்டுக் காட்டுவேன், அப்புறம் கண்ண மூடச் சொல்லி அவரு காலுல, தடிச்ச தோல் இல்லாத எடமாப் பார்த்து, அது வளையற வரைக்கும் அழுத்துவேன், தெரியுதா தாத்தான்னு கேப்பேன். மகளையோ பேரனையோ பக்கத்துல வெச்சுக்கிட்டுச் செய்வேன். இங்க தெரியல, இங்கயும் தெரியல, அப்ப நெருப்பும் தெரியாது, கண்ணாடித் துண்டும் தெரியாது, சுடு தண்ணியும் தெரியாதுன்னு அவங்க கண்ணாலயே பார்ப்பாங்க. ஒங்களுக்காக வீட்ல வேற யாராச்சும் இறங்கலாமான்னு பூசாரிகிட்ட கேளுங்கன்னு சொல்லுவேன். (அந்த மோனோஃபிலமென்ட்ட ஒரே நாள்ல பத்துப் பேருக்கு மேல போடாதீங்க, ஒரு நாள் ஓய்வு குடுங்க, இல்லன்னா வளைஞ்சு வளைஞ்சு தப்புக் கணக்கு காட்டும்.)

அப்புறம் எழுதறது. "அட்வைஸ் குடுத்தாச்சு"ங்கற ரெண்டு வார்த்த எதுவும் சொல்லல. எந்த எடத்துல உணர்ச்சி இல்ல, தீமிதி வேணாம்னு சொன்னேன், தமிழ்ல சொன்னேன், மக கூட இருந்தா, யோசிக்கிறேன்னாரு, இவ்ளோதான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. எந்த பாஷைல சொன்னோம்ங்கறது சும்மா இல்ல, 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட்லயே முடிஞ்ச வரைக்கும் பேஷண்டுக்குப் புரியற பாஷைல, அவரு படிப்புக்கு ஏத்த மாதிரி சொல்லணும்னு இருக்கு. ஜூலு பேசற பேஷண்டுக்கு இங்கிலீஷ்ல படபடன்னு சொல்லிட்டு கையெழுத்து வாங்கறது சம்மதம் ஆகாது.

எத்தன மாசத்துக்கு ஒருக்கா கூப்பிடறதுங்கறதையும் ரிசப்ஷன் வசதிக்கு விடாதீங்க. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நல்லா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவ, ரெண்டுல ஒண்ணு போயிருந்தா 6லேர்ந்து 12 மாசம், ரெண்டும் போயிருந்தாலோ, ஒண்ணு போயி அதோட பாதம் கோணலா இருந்தாலோ 3லேர்ந்து 6 மாசம், உணர்ச்சியோ ரத்த ஓட்டமோ போனவருக்கு முன்னாடி புண்ணு வந்திருந்தா, விரல் எடுத்திருந்தா 1லேர்ந்து 3 மாசம். அவரு வரலன்னா ஃபோன் பண்ணுங்க, பண்ணினத எழுதுங்க.

கேள்வி: வெருலம்லேர்ந்து. கருவிங்கள நீராவில கிருமி நீக்கற ஆட்டோகிளேவ் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுது. திரும்பி வந்ததும் மிச்ச நேரத்த மட்டும் ஓட்டினா போதுமா?

பதில்: போதாது. 134 டிகிரில 3 நிமிஷம் விடாம நிக்கணும், நடுவுல நின்னா அந்த சைக்கிள் கணக்குல இல்ல, மொதல்லேர்ந்து ஓட்டுங்க, பாக்கெட் நனஞ்சிருந்தா புதுசு மாத்துங்க. லாக் புக்ல கரண்ட் போன நேரம், திரும்ப ஓட்டின நேரம் ரெண்டையும் எழுதுங்க. காலைல பார்க்கற பேஷண்டுக்கு வேண்டிய செட்ட முந்தின நாளே முடிச்சு வெச்சுட்டா அவசரம் வராது, ஆபத்தான முடிவெல்லாம் அந்த அவசரத்துலதான் எடுக்கறோம்.

கேள்வி: நான் ரிசப்ஷனிஸ்ட். பேஷண்டுங்க காலு ஃபோட்டோவ என் சொந்த ஃபோனுக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பறாங்க. பரவால்லியா?

பதில்: இல்லம்மா, நிறுத்துங்க. எங்ககிட்ட வேல பார்த்த பொண்ணு ஃபோன டாக்ஸி ரேங்க்ல பிடுங்கிட்டுப் போயிட்டாங்க, அதுல நாப்பது பேரு காலு, பேரோட. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிச் சொன்னேன், கூசிப் போச்சு. சொந்தத் தகவலப் பாதுகாக்கற போபியா சட்டம் 2021 ஜூலைலேர்ந்து முழுசா அமல்ல இருக்கு, இப்படித் தொலைஞ்சா பேஷண்டுக்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டருக்கும் தெரிவிக்கணும். ரூம்ஸுக்குன்னு ஒரு ஃபோன் வாங்கச் சொல்லுங்க, அது ராத்திரி லாக்கர்ல இருக்கட்டும், ஃபோட்டோவ அன்னிக்கே ஃபைலுக்கு ஏத்திட்டு ஃபோன்ல அழிச்சிடுங்க. ஃபைலு கடைசியா பார்த்த தேதிலேர்ந்து ஆறு வருஷமாச்சும் இருக்கணும், பிள்ளைங்களுதுன்னா 21 வயசு ஆகற வரைக்கும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஒரு செருப்புக் கடைக்காரர், நான் அனுப்பற ஒவ்வொரு பேஷண்டுக்கும் இவ்ளோன்னு தர்றேங்குறாரு. வாங்கலாமா அக்கா?

பதில்: வாங்காதீங்க. எச்பிசிஎஸ்ஏ விதி அத அனுமதிக்கல. நல்ல கடைன்னா ஒரு பைசா வாங்காம அனுப்புங்க, கூடவே இன்னும் ரெண்டு கடை பேரும் சொல்லுங்க. ஏற்கனவே ஏதாச்சும் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துட்டு ரசீது வாங்கிக்கோங்க.